வேலி தாண்டியது, கம்பம் தாண்டவில்லை

இந்தப் பகுதியில் வழக்கமாக ஊர்க்கதை, பழைய தோட்டத்து நினைவு, ஓய்வுபெற்றவர்களின் பாடு என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். இந்த வாரம் ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் இருக்கும் என் அண்ணனோடு கடந்த இரண்டு வருடத்துக்கும் மேலாக மருத்துவமனை நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தவன். அங்கே கண்டதும், டாக்டர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிந்ததும், பிறகு தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "தாராளமா எழுது தம்பி. பேரை மட்டும் போட்டுடாதே. படிச்சுட்டு நாலு பேரு டெஸ்டுக்குப் போனா சரி" என்றார்.

அவருக்கு வந்தது புரோஸ்டேட் புற்றுநோய். அதிலும், சுரப்பியை விட்டு வெளியே வந்துவிட்ட, ஆனால் தூரத்து உறுப்புகளுக்கு இன்னும் போகாத நிலை. நம் நாட்டின் 2012-2016 புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெருங்குடலுக்கும் நுரையீரலுக்கும் அடுத்து மூன்றாவது இடத்தில் இருப்பது இதுதான். அப்படியிருந்தும் நம் ஆண்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நோய் இருக்கும் இடம் அப்படி.

நான் செய்த தவறு

அண்ணனுக்கு அப்போது 65 வயது. முப்பது வருடம் லோரி ஓட்டியவர். ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவும்போது, "ராத்திரியில நாலு தடவை எழுந்திரிக்க வேண்டியிருக்கு தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். "சர்க்கரை இருக்குல்ல அண்ணே, அதான்" என்று நானே வைத்தியம் சொல்லி அனுப்பிவிட்டேன். ஒன்றரை வருடம் அப்படியே போனது.

பிறகு சர்க்கரைக்காகக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனபோது, அங்கிருந்த இளம் டாக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளில் பி.எஸ்.ஏ. என்பதையும் சேர்த்துக் குறித்துக் கொடுத்தார். பொதுவாக 4க்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்பார்கள். அண்ணனுக்கு 38.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவில் அடிக்கடி சிறுநீர் போவது பெரும்பாலும் வயதால் சுரப்பி வீங்குவதால் வருவது. அது புற்றுநோய் இல்லை. அதேபோல் பி.எஸ்.ஏ. கூடினாலே புற்றுநோய் என்றும் ஆகாது. வீக்கம், கிருமித் தொற்று இருந்தாலும் கூடும். மறுபக்கம், புற்றுநோய் வந்தும் ஓர் அறிகுறியும் காட்டாமல் இருப்பவர்கள் ஏராளம். ஆகவே அறிகுறியைப் பார்த்து நாமே தீர்ப்புச் சொல்வது இரண்டு பக்கமும் தப்பாகப் போகும். நான் சொன்ன தீர்ப்பு தப்பாகப் போனது.

எம்.ஆர்.ஐ., ஊசி விட்டுத் திசு எடுக்கும் பயாப்ஸி, எலும்பு ஸ்கேன் என்று ஏழு வாரம் ஓடியது. திசுவின் குணத்தைக் கிளீசன் என்ற கணக்கில் சொல்கிறார்கள். 6 என்றால் சாது. 10 என்றால் முரடு. அண்ணனுக்கு 8.

வேலியும் கம்பமும்

முடிவு சொன்னவர் ஒரு மலாய்ப் பெண் டாக்டர், கதிர்வீச்சு சிகிச்சை நிபுணர். அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் போட்டார். ஒரு சின்ன வீடு. அதைச் சுற்றி வேலி. பக்கத்தில் வேறு வீடுகள். தள்ளி ஒரு பெரிய சாலை.

வீடுதான் புரோஸ்டேட். பெரிய நெல்லிக்காய் அளவுள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. நோய் வீட்டுக்குள்ளேயே இருந்தால் முதல் இரண்டு கட்டம். வேலியைத் தாண்டினால் மூன்று. வீட்டை ஒட்டிய கொட்டகை மாதிரி இருப்பவை விந்துப் பைகள். அங்கே நுழைந்தாலும் மூன்றுதான். அடுத்த வீடுகளான சிறுநீர்ப்பையையோ மலக்குடலையோ பிடித்துவிட்டால் நான்கு. இடுப்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் போனால் அதையும் தனியாகக் குறித்துக்கொள்கிறார்கள். சாலையில் ஏறி எலும்புக்கோ வேறு தூர இடத்துக்கோ போய்விட்டால் கணக்கே வேறு.

அண்ணனுக்கு நோய் விந்துப் பைக்குள் நுழைந்திருந்தது. முடிச்சுகளில் இல்லை. எலும்பில் இல்லை. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "டா கெலுவார் பாகார், பெலும் கெலுவார் கம்போங்" என்றார். வேலியைத் தாண்டிவிட்டது, கம்பத்தை இன்னும் தாண்டவில்லை. "ஆகவே நாம் குணப்படுத்தத்தான் போகிறோம், பார்த்துக்கொண்டு இருக்கப் போவதில்லை" என்றும் சொன்னார்.

அண்ணன் காதில் அதெல்லாம் விழவில்லை. "மூணாவது கட்டம்" என்பது மட்டும் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் வீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அண்ணியிடம் காட்டினார். காரை விற்றுவிடலாமா என்று கேட்டார். கட்டம் என்ற சொல் நம்மை இப்படித்தான் ஆட்டிவைக்கிறது. மார்பகம், குடல், நுரையீரல் என்று ஒவ்வொரு புற்றுநோய்க்கும் மூன்றாம் கட்டத்தின் பொருள் வேறு. அடுத்த வீட்டுக்காரருக்கு நடந்ததை வைத்து நம் நோயை அளக்கக் கூடாது.

இரண்டு டாக்டர், இரண்டு வழி

முதலில் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்தோம். சீனர், நிதானமாகப் பேசுகிறவர். சுரப்பியையும் விந்துப் பைகளையும் இடுப்பு நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்றார். இந்த நிலையில் அறுவை செய்வது சரியான வழிகளில் ஒன்றுதான். எடுத்த திசுவை முழுதாகச் சோதித்துப் பார்க்க முடிவது அதன் நன்மை. ஆனால் வேலி தாண்டிய நோயில், கத்தி எட்டாத இடத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்துவிட வாய்ப்பு அதிகம். அப்போது பிறகு கதிர்வீச்சும் தேவைப்படலாம். சிறுநீர் அடக்க முடியாமல் கசிவது, ஆண்மைக் குறைவு ஆகிய இரண்டையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

அறுவைக்குப் பிறகு எல்லாருக்கும் உடனே கதிர்வீச்சு கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். முன்பு அப்படிக் கொடுத்தார்கள். 2020இல் வெளிவந்த மூன்று ஆய்வுகளுக்குப் பிறகு, பலருக்குப் பி.எஸ்.ஏ.யைக் கண்காணித்து, ஏறத் தொடங்கியதும் கொடுத்தால் போதும் என்ற நிலை வந்திருக்கிறது என்றார்.

அண்ணனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரையும் உண்டு. "உங்களுக்கு அறுவை செய்தும் கதிர்வீச்சு தேவைப்பட்டால் இரண்டின் தொல்லையையும் நீங்கள் சுமக்க வேண்டும். எதற்கும் அந்த டாக்டரையும் பாருங்கள்" என்று அவரே அனுப்பிவைத்தார். தன் கையில் உள்ள வைத்தியத்தையே விற்கப் பார்க்காத அந்த மனிதரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

இரண்டாவது வழி கதிர்வீச்சும் ஹார்மோன் சிகிச்சையும் சேர்ந்தது. "சேர்ந்தது" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

இரட்டை மாட்டு வண்டி

புரோஸ்டேட் புற்றுநோய்க்குத் தீனி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன். இதை 1941இல் காட்டியவர் அமெரிக்க அறுவை நிபுணர் சார்ல்ஸ் ஹக்கின்ஸ். 1966இல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் காலத்தில் விதைகளை அறுவை செய்து எடுத்தார்கள். செலவு குறைவு, ஒரே தடவையில் முடியும் என்பதால் அந்த முறை இன்றும் இருக்கிறது. ஆனால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஹார்மோனை நிறுத்த வேண்டிய அண்ணனைப் போன்றவர்களுக்கு ஊசி போடுகிறார்கள். மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. முதல் ஊசி போட்டதும் ஹார்மோன் குறைவதற்கு முன் கொஞ்சம் ஏறும் என்பதால், ஆரம்பத்தில் சில வாரம் மாத்திரையும் தருகிறார்கள்.

ஊசி மட்டும் போதாதா? கதிர்வீச்சு மட்டும் போதாதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய இரண்டு ஆய்வுகளை டாக்டர் சொன்னார். பிறகு நானும் படித்தேன்.

ஐரோப்பாவில் 415 ஆண்களைச் சேர்த்து நடந்தது ஒன்று. ஒரு பாதிக்குக் கதிர்வீச்சு மட்டும். மறுபாதிக்கு அதோடு மூன்று வருடம் ஹார்மோன் ஊசி. பத்து வருடம் கழித்துப் பார்த்தால், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 40 பேர் உயிரோடு இருந்தார்கள். ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 58 பேர்.

இன்னொன்று நார்வே, சுவீடன், டென்மார்க்கில் 875 பேரிடம் நடந்தது. இவர்களுக்கு எல்லாருக்கும் ஹார்மோன் சிகிச்சை உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் கதிர்வீச்சும் உண்டு. பத்து வருடத்தில், ஹார்மோன் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 24 பேர் இந்த நோயால் இறந்தார்கள். கதிர்வீச்சும் பெற்றவர்களில் 12 பேர். சரிபாதி.

ஆக, ஒரு மாட்டை மட்டும் பூட்டினால் வண்டி இழுபடாது. மிகவும் தளர்ந்தவர்கள், வேறு பெரிய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஹார்மோன் மட்டும் கொடுத்துக் கட்டுப்படுத்துவதும் உண்டு. ஆனால் உடம்பு தாங்கக்கூடிய ஒருவருக்கு ஊசி மட்டும் போட்டு அனுப்பினால், ஏன் கதிர்வீச்சு இல்லை என்று கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாவதாக ஒரு மாத்திரையும் வந்திருக்கிறது, பெயர் அபிராட்டரோன். பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் 1,974 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. பரவாத, ஆனால் ஆபத்து மிகுந்த நோயுள்ளவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு இரண்டு வருடம் இதையும் கொடுத்தபோது, ஆறு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 77இலிருந்து 86 ஆனார்கள். நிணநீர் முடிச்சுக்கு நோய் போனவர்களும் இதில் அடக்கம். இதைச் சாப்பிடும்போது பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட வேண்டும். இரத்த அழுத்தத்தையும் கல்லீரலையும் கண்காணிக்க வேண்டும். அண்ணனின் இதயத்தையும் சர்க்கரையையும் பார்த்து, அவருக்கு வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தார். மற்றவர்கள் தங்களுக்குப் பொருந்துமா, தங்கள் மருத்துவமனையில் கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

முப்பத்தொன்பது காலை

ஊசி தொடங்கி மூன்று மாதம் கழித்துக் கதிர்வீச்சு. வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 39 தடவை. (சிலருக்கு அளவைக் கூட்டி 20 தடவையில் நான்கு வாரத்தில் முடிக்கும் முறையும் இப்போது இருக்கிறது.) ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். வலி இல்லை. தயாராவதுதான் வேலை. மலக்குடல் காலியாக இருக்க வேண்டும், சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்தால் குடலும் சிறுநீர்ப்பையின் மேல்பகுதியும் கதிர் போகும் வழியிலிருந்து விலகி நிற்கும்.

அதனால் காலையில் வராந்தாவில் ஆளுக்கொரு தண்ணீர் போத்தலோடு நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஓய்வுபெற்ற மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர், மீ கடை வைத்திருந்த சீனர் ஒருவர், அண்ணன். தாதி வந்து, "அங்கிள், சுடா மினும் ஆயிர்?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். குடித்தாகிவிட்டதா என்று. குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு, முறை வருவதற்குள் தாங்க முடியாமல் ஓடுகிறவர் மறுபடி முதலிலிருந்து குடிக்க வேண்டும். அந்த ஓட்டத்தைப் பார்த்து மூன்று பேரும் சிரிப்பார்கள். அண்ணன் வாய்விட்டுச் சிரித்ததை நான் பல மாதம் கழித்து அங்கேதான் பார்த்தேன்.

நான்காவது வாரத்திலிருந்து சிறுநீர் எரிச்சல், அடிக்கடி போவது, வயிறு இளகிப் போவது, அசதி. முடிந்து ஆறு வாரத்தில் பெரும்பாலும் அடங்கியது. பிற்காலத்தில் மலத்தில் இரத்தம் வரலாம், வந்தால் ஒளிக்காமல் வந்து சொல்லுங்கள் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார்.

அண்ணனின் கலகம்

பெரிய சண்டை எட்டாவது மாதத்தில் வந்தது. பி.எஸ்.ஏ. 38இலிருந்து 0.1க்கு இறங்கியிருந்தது. அண்ணன் தாளை மேசையில் வைத்து, "நோய் போயிருச்சு. இனிமே ஊசி வேண்டாம்" என்றார்.

அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். குளிரூட்டி ஓடும் அறையில் திடீரென்று உடம்பு கொதித்து, சட்டை நனைந்து போகும். இடுப்பில் ஆறு கிலோ ஏறியது. தினமும் சவரம் செய்த மனிதருக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும் என்றானது. சீரியல் பார்த்தால் கண் கலங்கினார். மனைவியின் பக்கம் திரும்பும் ஆசையே அற்றுப்போனது. இதை அவர் என்னிடம் காரில், சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் என்ன ஆளுன்னே தெரியல தம்பி" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இடையில் யாரோ ஒருவர் கொடுத்த இலைச்சாற்றை வாங்கி வைத்திருந்தார். ஊசியை நிறுத்தினால்தான் சாறு வேலை செய்யும் என்று சொன்னார்களாம். இந்த ஒரு நிபந்தனையைக் கேட்டதுமே நாம் உஷாராகிவிட வேண்டும்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் திட்டவில்லை. பி.எஸ்.ஏ. இறங்கியது தீனியை நிறுத்தியதால். ஒளிந்திருப்பது எல்லாம் செத்துவிட்டதா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது என்று விளக்கினார். பிறகு இன்னோர் ஆய்வைச் சொன்னார். ஐரோப்பாவில் 970 பேர். எல்லாருக்கும் கதிர்வீச்சும் ஆறு மாத ஹார்மோனும். பாதிப் பேர் அதோடு நிறுத்தினார்கள். மீதிப் பேர் மூன்று வருடம் தொடர்ந்தார்கள். ஐந்து வருடத்தில், நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 19 பேர் இறந்தார்கள். தொடர்ந்தவர்களில் 15 பேர்.

அண்ணன் கணக்கில் கெட்டிக்காரர். "நூத்துக்கு நாலு பேருதானே வித்தியாசம்?" என்றார்.

அதுவரை பேசாமல் இருந்த அண்ணி, "அந்த நாலு பேருல நீங்க ஒருத்தரா இருந்தா, நான் யாருகிட்ட போய்க் கணக்குக் கேக்குறது?" என்றார்.

அறையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு டாக்டர் ஒரு வழி சொன்னார். கனடாவில் 630 பேரிடம் நடந்த ஆய்வில், 36 மாதம் ஊசி போட்டவர்களுக்கும் 18 மாதம் போட்டவர்களுக்கும் ஆயுளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. "குறைந்தது 18 மாதம் போடுங்கள். பிறகு உடம்பைப் பார்த்துப் பேசுவோம். உங்கள் நோய் விந்துப் பைவரை போனதால் இரண்டு வருடம் என்றால் எனக்கு இன்னும் நிம்மதி" என்றார். முடிவில்லாத தண்டனை என்று நினைத்திருந்த அண்ணனுக்கு ஒரு தேதி கிடைத்தது. அன்றே ஊசி போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவருக்கு மறுபடி உடம்பு கொதித்தது. பின்சீட்டிலிருந்து அண்ணி, "இப்பத் தெரியுதா? எனக்கு அம்பது வயசுல வந்தப்ப, மின்விசிறியைக் கூட்டி வைக்காதேன்னு சத்தம் போட்டீங்க" என்றார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. குளிரூட்டியைக் கூட்டி வைத்தார்.

அந்த நாளிலிருந்து வீட்டில் பேச்சு மாறியது. மருத்துவமனைக்கு நான் மட்டும் போய்க்கொண்டிருந்தது நின்று, அண்ணியே முன்சீட்டில் உட்கார்ந்து போகத் தொடங்கினார். இந்தச் சிகிச்சை தாம்பத்தியத்தைத் தொடுகிறது. மனைவிக்குத் தெரியாமல் ஒரு கணவன் இதைத் தனியாகத் தாங்குவது மிகவும் கடினம். அவரைக் கேட்டால், ஆசை போனதைவிட ஏன் போனது என்று தெரியாமல் இருந்ததுதான் வருத்தமாக இருந்தது என்பார்.

எலும்பும் தேயும். அதனால் எலும்பு அடர்த்தி ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி. சர்க்கரை, கொழுப்பு இரண்டையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துகளில் அண்ணன் மிகவும் எதிர்த்ததும், கடைசியில் அவருக்கு அதிகம் உதவியதும், உடற்பயிற்சி. தினமும் தாமான் பூங்காவில் ஒரு மணி நேர நடை. கையில் இரண்டு தண்ணீர் போத்தல், அவைதான் எடைக்கல். அசதி குறைந்தது, மனமும் தெளிந்தது.

கேட்க வேண்டியவை

இந்த நிலையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், டாக்டரிடம் போகும்முன் இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. நோய் வேலியைத் தாண்டி எங்கே வரை போயிருக்கிறது? நிணநீர் முடிச்சிலும் எலும்பிலும் இல்லை என்று எந்த ஸ்கேன் சொல்கிறது?

2. குணப்படுத்துவது நோக்கமா, கட்டுப்படுத்துவது நோக்கமா?

3. அறுவை செய்துகொண்டால், பிறகு கதிர்வீச்சும் தேவைப்பட எவ்வளவு வாய்ப்பு?

4. கதிர்வீச்சு என்றால், ஹார்மோன் ஊசி எத்தனை மாதம்? முடியும் தேதி எது?

5. அபிராட்டரோன் எனக்குப் பொருந்துமா?

6. என் இதயம், சர்க்கரை, எலும்பு இவற்றுக்கு இப்போதே என்ன செய்ய வேண்டும்?

அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர் இருவரையும் பார்த்த பிறகே முடிவெடுங்கள். சில வாரம் யோசிப்பதால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுவிடாது. சில மாதம் தள்ளிப்போடுவது வேறு.

பணத்துக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 வெள்ளி. கோலாலம்பூர் மருத்துவமனை, புத்ராஜெயாவின் தேசியப் புற்றுநோய்க் கழகம், ஜோகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை போன்ற இடங்களில் கதிர்வீச்சு வசதி இருக்கிறது. தனியாருக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை வந்தால், பெற்றோரின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பிள்ளைகள் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழியுண்டு. விவரத்தை அதன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது

அண்ணன் பதினெட்டு மாதத்தில் நிறுத்தவில்லை. "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று இரண்டு வருடத்தையும் முடித்தார். கடைசி ஊசி போட்டு ஆறு மாதம் ஆகிறது. ஹார்மோன் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு முழுதாகத் திரும்புவதும் இல்லை. ஹார்மோன் திரும்பும்போது பி.எஸ்.ஏ.யும் சற்று ஏறலாம். அதுவரை இறங்கிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார். அதனால் 0.1, 0.2 ஆனபோது நாங்கள் பதறவில்லை. குணமாகிவிட்டது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்துவிட்டு, மூவரும் எதிரே உள்ள கடையில் ரொட்டி சானாய் பசியாறிவிட்டு வருகிறோம்.

ஒன்று பாக்கி. அண்ணனோ தம்பியோ அப்பாவோ இந்த நோய் கண்டவர் என்றால், நமக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. 50 வயதில் டாக்டரிடம் பி.எஸ்.ஏ. பற்றிப் பேசுங்கள், குடும்பத்தில் இருந்தால் 45இல். இதை அண்ணனின் டாக்டர் முதல் நாளே என்னைப் பார்த்துத்தான் சொன்னார். 61 வயதான நான் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். கல்யாண வீட்டில் அண்ணனுக்கு வைத்தியம் சொன்ன அதே வாய், எனக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் அண்ணிதான், "தம்பி, நீங்க போகலேன்னா நான் உங்க வீட்டுல சொல்லிடுவேன்" என்று மிரட்டி அனுப்பினார். முடிவு 1.7. அடுத்த வருடம் மறுபடி போவேன்.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, கண்ணாடி முன்னால் முகத்தில் நுரையோடு நின்றிருந்தார். "நேத்துத்தான் பண்ணினேன், இன்னிக்கு மறுபடியும் வளர்ந்திருக்கு பாரு" என்று கன்னத்தைத் தடவிக் காட்டினார். புகார் சொல்வது மாதிரிதான் சொன்னார்.